ஃபோர்ட் ஸ்டிக்கீன்: ஒரு போர்க்காலச் சரக்குக் கப்பலின் பணியும் 1944 பம்பாய் வெடிப்பும்

1944 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, மாலை 4.06 மணிக்குப் பம்பாய் விக்டோரியா டாக்கின் முதலாம் எண் தளத்தில் கட்டப்பட்டிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிக்கீன்’ என்னும் சரக்குக் கப்பல் வெடித்து இரண்டாகப் பிளந்தது. அரை மணி நேரத்துக்குள் அதன் பின்பாதியும் வெடித்தது. துறைமுகத்தின் இரு டாக்குகளும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளும் கிடங்குகளும் எரிந்தன. இந்த வெடிப்பைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வானிலிருந்து விழுந்த தங்கக் கட்டிகளிலும் கரையேறிய கப்பலிலும் நின்றுவிடுகிறார்கள். அவை மறக்க முடியாத காட்சிகள்தாம். ஆயினும் விபத்தின் காரணத்தைத் தேடுவோர் அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது, யாருக்காக ஓடியது, அதன் சரக்கறையில் எது எதன்மேல் அடுக்கப்பட்டது என்பவற்றைப் பார்க்க வேண்டும். போர்க்காலச் சரக்குக் கப்பலின் அன்றாட வேலைமுறைக்குள்ளேயே அந்த வெடிப்புக்கான எல்லாக் கூறுகளும் இருந்தன என்பதே இந்த ஆய்வின் கருத்து.

கப்பல்

1940-இல் பிரிட்டன் தன் சரக்குக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு இழந்த வேகம், புதிய கப்பல் கட்டும் வேகத்தை விஞ்சியிருந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கப்பல் கட்டுமானக் குழு ஒன்று சந்தர்லாந்து நகரின் வடமணல் கப்பல்தளத்தில் உருவான ஓர் எளிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு வட அமெரிக்காவுக்குச் சென்றது. அந்த வரைபடத்திலிருந்தே அமெரிக்காவின் ‘ஓஷன்’ வகைக் கப்பல்களும், பின்னர் ஆயிரக்கணக்கில் வந்த ‘லிபர்ட்டி’ கப்பல்களும், கனடாவின் ‘ஃபோர்ட்’, ‘பார்க்’ வகைக் கப்பல்களும் பிறந்தன. லிபர்ட்டி கப்பல்களின் உடலை அமெரிக்கர்கள் வெல்டிங் செய்து இணைத்தார்கள். கனடாவில் பழைய முறைப்படி ரிவெட் அடித்தார்கள். மற்றபடி மூன்றும் ஒரே குடும்பம்: ஏறத்தாழ 10,000 டன் சரக்குச் சுமக்கும் ஐந்து சரக்கறைகள், மும்முறை விரிவாக்க நீராவி எந்திரம், மணிக்குப் பதினொரு கடல்மைல் அளவிலான வேகம்.

இந்த வேகம் போர்க்கால நோக்கில் மிகக் குறைவு. ஆனால் விசைச்சுழலி (டர்பைன்) எந்திரங்கள் போர்க்கப்பல்களுக்கே போதாமலிருந்த நாளில், எந்தச் சிறு பட்டறையும் வார்க்கக்கூடிய, எந்த நாட்டுக் கடலோடியும் ஓட்டத் தெரிந்த பழைய நீராவி எந்திரத்தைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். நீண்டகாலம் உழைக்கும் கப்பல்கள் என்பதைவிட, மூழ்குவதற்கு முன் சில பயணங்களையாவது முடிக்கும் கப்பல்களே அப்போதைய தேவை.

ஃபோர்ட் ஸ்டிக்கீன் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரின்ஸ் ரூபர்ட் நகரக் கப்பல்தளத்தில் கட்டப்பட்டு 1942 ஜூலையில் நீரில் இறக்கப்பட்டது. அதன் மொத்தப் பதிவு அளவு 7,142 டன் (இது எடையன்று, கப்பலின் உட்பரப்பின் கொள்ளளவு). ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் பழைய தோல்வணிகக் கோட்டைகளின் பெயர்களையே இவ்வகைக் கப்பல்களுக்குச் சூட்டினார்கள். ஸ்டிக்கீன் கோட்டை இன்றைய அலாஸ்காவின் ராங்கல் நகரம் இருக்கும் இடத்தில் இருந்தது. கடன்–குத்தகை ஏற்பாட்டின் கீழ் இந்தக் கப்பல் பிரிட்டனின் போர்ப் போக்குவரத்து அமைச்சகத்திடம் வந்தது. அமைச்சகத்துக்காக அதனைப் போர்ட் லைன் என்னும் கப்பல் நிறுவனம் நிர்வகித்தது. கப்பல் எந்த வழியில், எந்தக் கப்பல் அணியோடு (கான்வாய்) செல்ல வேண்டும் என்பதைக் கடற்படை முடிவு செய்தது. சரக்கில் பெரும்பகுதி படைத்துறையுடையது. ஒரு துறைமுகத்தில் நுழைந்துவிட்டால் அங்குள்ள துறைமுகக் கழகத்தின் விதிகள் அதனை ஆண்டன. கேப்டன் கப்பலுக்குப் பொறுப்பாளி. ஆனால் எதனை ஏற்றுவது, எங்கே செல்வது, எப்போது இறக்குவது ஆகிய மூன்றும் அவருடைய கையில் இல்லை. போரின்போது ஓடிய ஆயிரக்கணக்கான சரக்குக் கப்பல்களின் நிலையும் இதுவே. இதனை இப்போதே குறித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் 14 பிற்பகலில் இது பெருங்கேடாக முடிந்தது.

பர்க்கன்ஹெட்டிலிருந்து கராச்சி வரை

1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து ஃபோர்ட் ஸ்டிக்கீன் தன் கடைசிப் பயணத்தைத் தொடங்கியது. அலெக்சாண்டர் ஜேம்ஸ் நைஸ்மித் அதன் கேப்டன். பெட்டிகளில் அடைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும், குண்டுகள், கண்ணிவெடிகள், டார்பிடோக்கள், பீரங்கி எறிகணைகள் என 1,395 டன் வெடிபொருளும் கப்பலில் இருந்தன. அந்த வெடிபொருளில் 238 டன் ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. படைத்துறையின் பகுப்பில் எளிதில் வெடித்துவிடும் பொருள்களே ‘ஏ’ வகை. இவற்றோடு, ரூபாய் மதிப்பைத் தாங்குவதற்கென்று அனுப்பப்பட்ட தங்கமும் சென்றது: ஏறத்தாழ 12.7 கிலோ எடையுள்ள கட்டிகள், பெட்டிக்கு நான்கு வீதம் 31 மரப்பெட்டிகளில். அதன் மதிப்பு ஏறத்தாழ 8,90,000 பவுண்டு.

இத்தகைய கப்பல் ஏன் இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது என்பதற்கு அன்றைய போர்நிலவரமே விடை. 1944 மார்ச்சில் ஜப்பானியப் படைகள் மணிப்பூருக்குள்ளும் நாகா மலைகளுக்குள்ளும் நுழைந்திருந்தன; ஏப்ரலில் கோஹிமா முற்றுகையில் இருந்தது. பர்மா முனைக்கு வேண்டிய படைக்கலன்களுள் பெரும்பகுதி பம்பாய், கராச்சி வழியாகவே நாட்டுக்குள் வந்தது. நேசநாடுகள் மத்தியதரைக் கடலில் ஆதிக்கம் பெற்றபின் சூயஸ் வழி மீண்டும் திறந்திருந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும் பல வார ஓட்டம் மிச்சமாயிற்று. ஃபோர்ட் ஸ்டிக்கீன் ஜிப்ரால்டரையும் போர்ட் சயீதையும் கடந்து மார்ச் இறுதியில் கராச்சியை அடைந்தது.

கராச்சியில் விமானங்கள் இறக்கப்பட்டன. அவை எடை குறைந்தவை, ஆனால் இடத்தை அடைப்பவை. அவை போனதும் சரக்கறைகளில் பெரும் வெற்றிடம் தோன்றியது. அமைதிக் காலமாக இருந்திருந்தால், மீதமிருக்கும் வெடிபொருளோடு, வேறெதனையும் ஏற்றாமல், கப்பல் நேரே பம்பாய்க்குச் சென்றிருக்கும். 1944-இல் கடற்போக்குவரத்தில் ஒரு கன அடி இடத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பதே எல்லாத் துறைமுக அலுவலர்களுக்கும் இடப்பட்டிருந்த கட்டளை. கரையோரக் கப்பல்கள் போதவில்லை. ரயில் பாதைகள் படைச் சரக்கால் நிரம்பி வழிந்தன. பம்பாய்க்குப் போக வேண்டிய சரக்கு கராச்சியில் தேங்கிக் கிடந்தது. ஆகவே ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், மசகு எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், பழைய இரும்பு, கந்தகம், பிசின், அரிசி, மீன் உரம் ஆகியவை ஏற்றப்பட்டன. தீப்பற்றக்கூடியதாகவும் வெடிக்கக்கூடியதாகவும் எவையெவை உண்டோ அத்தனையும் தம் கப்பலில் சேர்ந்துவிட்டதாகக் கேப்டன் நைஸ்மித் முறையிட்டார். முறையீடு கேட்கப்பட்டது, ஏற்றுவது நிற்கவில்லை.

இங்கே சரக்கு அடுக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். இவ்வகைக் கப்பலின் சரக்கறை மேல்தளத்திலிருந்து அடிப்பகுதி வரை ஒரே குழி அன்று. நடுவில் இடைத்தளம் ஒன்று அதனை இரண்டாகப் பிரிக்கிறது. கீழே இருப்பது கீழ்ச்சரக்கறை. வெடிபொருளை வழக்கமாக இடைத்தளத்தில் வைப்பார்கள், ஏனெனில் ஆபத்து நேரத்தில் அதனை முதலில் வெளியேற்ற வேண்டும். மேலும் கனத்த சரக்கின் நசுக்கல் அதன்மேல் விழக்கூடாது. விமானங்கள் இறங்கிய இடம் எதுவோ அதில்தான் புதிய சரக்கைப் போட முடியும் என்பதால், இரண்டாம் எண் சரக்கறையின் கீழ்ப்பகுதியில் பஞ்சுப் பொதிகள் போயின. அவற்றுக்கு மேலே, இடைத்தளத்தில், ‘ஏ’ வகை வெடிபொருள் இருந்தது. அதே சரக்கறையின் இடைத்தளத்தில்தான் தங்கப் பெட்டிகளை உள்ளிட்டு மூடிய எஃகுத் தொட்டியும் இருந்தது. ஒரு சரக்கறைக்குள் பஞ்சு, வெடிபொருள், தங்கம் மூன்றும் மேலும் கீழுமாக அமைந்த இந்த ஏற்பாட்டுக்கு எந்த ஒரு தனி அலுவலரையும் முழுப் பொறுப்பாக்க இயலாது. வெடிபொருள் இங்கிலாந்தில் ஏற்றப்பட்டபோது பஞ்சு வரப்போவது அங்குள்ளவர்களுக்குத் தெரியாது. கராச்சியில் பஞ்சை ஏற்றியவர்களுக்கு வெடிபொருளை இடம் மாற்ற அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை.

பஞ்சைப் பற்றி ஒரு குறிப்பு. பருத்தி வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று: எந்திரத்தால் அழுத்திக் கட்டிய பொதி உடனே கொழுந்து விட்டு எரிவதில்லை. ஒரு பொறி உள்ளே புகுந்தால் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றைக் கொண்டே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் பொதியின் புறத்தை நனைத்துவிட்டு வழிந்துவிடும், உள்ளே இறங்காது. அதனால்தான் பருத்திக் கப்பல்களில் புகைபிடிப்பதற்குக் கடுமையான தடை உண்டு. பஞ்சுத் தீயை அணைப்பதற்கு ஒரே நம்பகமான வழி பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பிரிப்பதுதான். அந்த வழி, மேலே நூற்றுக்கணக்கான டன் வெடிபொருள் இருக்கும்போது இல்லாமற்போகிறது.

பம்பாயில் இரண்டு நாள்

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாய் வந்து விக்டோரியா டாக்கில் கட்டப்பட்டது. போருக்கு முன்பு இத்தகைய வெடிபொருளைச் சுமந்த கப்பலை டாக்குக்குள் விடமாட்டார்கள். நகரிலிருந்து விலகி நங்கூரமிட்டு, சரக்குப் படகுகளில் இறக்கிக்கொள்வதே விதி. போர்க்காலத்தில் இந்த விதி தளர்த்தப்பட்டது. நங்கூர இடத்தில் இறக்குவது மெதுவான வேலை. டாக்கில் இறக்கினால் கப்பல் விரைவில் திரும்பலாம். ஆபத்தான சரக்கைக் காட்டும் செங்கொடி ஏற்றுவதும் வழக்கம். ஃபோர்ட் ஸ்டிக்கீன் அதனையும் ஏற்றவில்லை. டாக்கில் அருகருகே நின்ற பிற கப்பல்களுக்கும், அங்கு வந்துபோன தொழிலாளர்களுக்கும் அதனுள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமற்போனது.

இறக்கும் வேலையிலும் அதே விதமான ஒழுங்கின்மை. வெடிபொருளைக் கரையில் வைக்கக்கூடாது. கப்பலின் மறுபக்கத்தில் வந்து நிற்கும் படகுகளில்தான் இறக்க வேண்டும். அந்தப் படகுகள் உடனே வரவில்லை. ஆகவே முதலில் மீன் உரம் போன்ற நாற்றமடிக்கும் சரக்கும் பிறவும் இறக்கப்பட்டன. மிக ஆபத்தானது முதலில் வெளியேற வேண்டும் என்னும் இயல்பான வரிசை தலைகீழாயிற்று. டாக்கில் இரண்டு நாள் கழிந்த பின்னும் வெடிபொருளில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏப்ரல் 14 பிற்பகல்

நண்பகலில் தொழிலாளர்கள் உணவுக்காகக் கரையிறங்கினார்கள். ஏறத்தாழ அந்த வேளையிலேயே, இரண்டாம் எண் சரக்கறையின் காற்றுப்போக்கிக் குழாயிலிருந்து மெல்லிய புகை எழுவதைப் பக்கத்துக் கப்பல்களில் இருந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். யாரும் கவலைப்படவில்லை, அந்தக் கப்பலிலேயே ஆள்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று எண்ணியிருக்கக் கூடும். உணவு இடைவேளை முடிந்து தொழிலாளர்கள் சரக்கறைக்குத் திரும்பியபோதுதான் உள்ளிருந்து புகை வருவது கப்பலில் இருப்போருக்குத் தெரிந்தது. அதற்குள் ஒரு மணி நேரமாவது தீ தனியே வேலை செய்துவிட்டது.

கப்பலருகே காவலுக்கிருந்த துணைத் தீயணைப்புக் குழு உடனே தண்ணீர் பாய்ச்சத் தொடங்கியது. வெடிபொருள் கப்பலில் தீ என்பதைக் குறிக்கும் தனிச்செய்தியைக் கட்டுப்பாட்டறைக்கு அனுப்ப ஓர் ஆள் ஓடினார். அவர் கண்ட தொலைபேசியில் எண் சுழற்றும் வட்டு இல்லை. ஆகவே அருகிலிருந்த தீ அபாயப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து மணியடித்தார். மணி கேட்டது, ஆனால் என்ன வகைத் தீ என்று அந்த மணி சொல்லாது. வழக்கமான தீ என்று கருதி முதலில் இரண்டு வண்டிகளே புறப்பட்டன. அவை வந்து, நிலைமை தெரிந்து, மேலும் வண்டிகள் அழைக்கப்பட்டன. ஒரு தொலைபேசிக் கருவியின் குறைபாட்டை விபத்தின் காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் முதல் அரை மணி நேரத்தில் கிடைத்திருக்க வேண்டிய ஆள்பலமும் அதிகாரிகளின் கவனமும் இதனால் தாமதமாயின.

அதன்பின் நடந்ததை மூன்று நிலைகளாகப் பார்க்கலாம். முதலாவது, தண்ணீர். 900 டன்னுக்கும் மேற்பட்ட நீர் சரக்கறைக்குள் செலுத்தப்பட்டது. புகை அடர்ந்திருந்ததால் தீ இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீர் உயர உயரப் பஞ்சுப் பொதிகள் மிதந்தன. கனன்றுகொண்டிருந்த பொதிகளும் கூடவே மேலெழுந்து, தாம் எட்டக்கூடாத இடைத்தளத்தை நெருங்கின. தீயணைப்பு வீரர்கள் செய்தது தவறன்று; அவர்கள் கையில் இருந்தது தண்ணீர் மட்டுமே. ஆனால் மேலிருந்து ஊற்றிய அந்தத் தண்ணீர் தீயை வெடிபொருளிடம் உயர்த்திக் கொடுத்தது.

இரண்டாவது, தீயின் இருப்பிடம். கப்பலின் இடப்பக்கத் தகட்டில் ஓரிடத்தில் வண்ணப்பூச்சு கொப்புளித்து உரியத் தொடங்கியது. உள்ளே தீ அந்த இடத்தில்தான் என்பது அப்போது உறுதியாயிற்று. தகட்டை வெட்டித் திறந்து நேரே தண்ணீர் பாய்ச்சலாம் என்று எரிவாயு வெட்டுக்கருவி கொண்டுவரச் செய்தார்கள். அந்த முயற்சி பலிக்கவில்லை. நீரோ உள்ளே கொதிக்கத் தொடங்கியிருந்தது. தளத்தில் கால் வைக்க முடியாதபடி சூடு ஏறியது.

மூன்றாவது, முடிவெடுத்தல், இந்த ஆய்வின் நோக்கில் இதுவே மையம். அங்கே அப்போது கேப்டன் நைஸ்மித் இருந்தார். டாக்குகளின் பொது மேலாளர் கர்னல் சாட்லர் இருந்தார். தீயணைப்புப் படைத் தலைவர் நார்மன் கூம்ஸ் இருந்தார். படைக்கலத் துறையின் அலுவலர் கேப்டன் ஓபர்ஸ்ட், சரக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கப்பலை உடனே அதே இடத்தில் மூழ்கடிக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் துறைமுகமே மிஞ்சாது என்று எச்சரித்தார். சாட்லர் கப்பலை டாக்கிலிருந்து வெளியே இழுத்துச் சென்றுவிட வேண்டும் என்றார். தீயை அணைத்துவிட முடியும் என்ற நம்பிக்கை கூம்ஸிடம் இன்னும் இருந்தது. மூன்று யோசனைகளுக்கும் நியாயம் உண்டு, மூன்றுக்கும் தடையும் உண்டு. டாக்குக்குள் நீரின் ஆழம் குறைவு. கப்பல் தரைதட்டி நின்றால் இடைத்தளம் நீருக்கு மேலேயே இருக்கலாம். வெளியே இழுத்தால், அந்த நேரத்தில் தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். குறுகிய வாயிலில் வெடித்தால் துறைமுகமே அடைபடும். அணைக்க முயன்றுகொண்டேயிருந்தால் நேரம் கரையும்.

இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களுக்குக் கட்டளையிடும் அதிகாரம் அங்கிருந்த எவருக்கும் முழுமையாக இல்லை. கப்பல் அமைச்சகத்தினுடையது; சரக்கு படைத்துறையினுடையது; டாக் துறைமுகக் கழகத்தினுடையது; தீ தீயணைப்புப் படையினுடையது. கேப்டன் ஒருவரே கப்பலை மூழ்கடிக்க ஆணையிட்டிருக்கலாம். ஆனால் நேசநாடுகளின் உடைமையும் தங்கமும் கொண்ட ஒரு கப்பலை, அணைந்துவிடக்கூடும் என்று சொல்லப்படும் ஒரு தீக்காக, தம் பொறுப்பில் மூழ்கடிக்க அவர் தயங்கினார். அவரைக் குறைகூறுவது எனக்கு எளிதாகத் தோன்றவில்லை. ஓர் ஆண்டுக்குள்ளாகவே, 1943 ஆகஸ்டில், அல்ஜியர்ஸில் ‘ஃபோர்ட் லா மோன்டே’ என்னும் இதே வகைக் கப்பல் வெடிபொருளோடு தீப்பிடித்து வெடித்து, உதவிக்கு வந்த பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் ‘ஏரோ’வையும் நாசமாக்கியிருந்தது. அந்த அனுபவம் ஒரு தெளிவான நடைமுறையாக மாறி எல்லாத் துறைமுகங்களுக்கும் சென்றிருந்தால், பம்பாயில் வாதத்துக்கே இடமிருந்திருக்காது.

மற்றொன்றும் செய்யப்படவில்லை. டாக்கிலிருந்த மக்களை வெளியேற்றும் ஆணை யாராலும் பிறப்பிக்கப்படவில்லை. தொழிலாளர்கள், பிற கப்பல்களின் மாலுமிகள், வேடிக்கை பார்ப்போர் யாவரும் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆபத்தைச் சொல்லியிருக்க வேண்டிய செங்கொடி மேலே பறக்காததன் விலை அங்கே தெரிந்தது.

பிற்பகல் 3.50 மணிக்குக் கப்பலை விட்டு வெளியேற ஆணை வந்தது. பதினாறு நிமிடங்களில் வெடித்தது.

விளைவு

முதல் வெடிப்பில் கப்பலின் முன்பாதி சிதறியது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் கண்ணாடிகள் உடைந்தன. கொலாபா ஆய்வகத்தின் நிலநடுக்கக் கருவி அதிர்வைப் பதிவு செய்தது. 1,700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிம்லாவிலும் அது பதிவாயிற்று. ஏறத்தாழ 4,000 டன் பதிவு அளவுள்ள ‘ஜலபத்மா’ என்னும் சிந்தியா நிறுவனத்துக் கப்பல் நீரிலிருந்து தூக்கப்பட்டு, அதன் பின்பகுதி கரைமேல் இருந்த கிடங்கின் மீது விழுந்தது. எரியும் பஞ்சுப் பொதிகள் வானிலிருந்து மற்றக் கப்பல்களின் மேலும் மாண்ட்வி பக்கத்துக் குடியிருப்புகளின் மேலும் பொழிந்தன. சரக்கறையில் மெல்லக் கனன்ற பொதிகள் இப்போது நகரெங்கும் தீயைப் பரப்பின. 4.34 மணியளவில் பின்பாதியில் இருந்த வெடிபொருளும் வெடித்தபோது, முதல் வெடிப்பில் தப்பி மீட்புப் பணிக்குத் திரும்பியிருந்தவர்களும் மாண்டனர். கேப்டன் நைஸ்மித் உயிரிழந்தார்.

இறந்தோர் எண்ணிக்கையில் கணக்குகள் வேறுபடுகின்றன. அரசு 700-க்கு மேல் என்றது. பிற மதிப்பீடுகள் 1,300 வரை செல்கின்றன. டாக்கில் நாள்கூலிக்கு வந்து போனவர்களின் பெயர்ப்பட்டியல் முழுமையாக இருந்ததில்லை என்பதை நினைத்தால் உயர்ந்த எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கக்கூடும். காயமுற்று மருத்துவமனை சென்றோர் 2,000-க்கும் மேல். பதின்மூன்று கப்பல்கள் அழிந்தன. 50,000 டன் அளவிலான கப்பல் கொள்ளளவு போயிற்று, அதே அளவு சேதமடைந்தது. டாக் கிடங்குகளில் இருந்த 50,000 டன்னுக்கும் மேற்பட்ட உணவுத் தானியம் எரிந்தது. வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்று ஓராண்டுகூட ஆகாத நேரத்தில், கப்பல் இடம் இல்லை என்ற காரணம் காட்டித் தானிய இறக்குமதி தடைபட்டிருந்த நேரத்தில் இது நிகழ்ந்தது.

தீயணைப்பு வீரர்களில் 66 பேர் இறந்தார்கள். இந்தியாவெங்கும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகவும், தமிழ்நாட்டில் அந்நாளில் தொடங்கித் தீத்தொண்டு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுவது இவர்கள் நினைவாகவே. ஆண்டுதோறும் தீயணைப்பு நிலையங்களில் நடக்கும் அஞ்சலியைப் பார்ப்பவர்களுள் பலருக்கு அதன் பின்னணியில் ஒரு கனடாக் கப்பல் இருப்பது தெரிவதில்லை.

செய்தி வெளிவருவது உடனே தணிக்கை செய்யப்பட்டது. ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரங்களை ஒலிபரப்பிவிட்டது. பம்பாய்ச் செய்தியாளர்கள் எழுதியவை மே இரண்டாம் வாரம் வரை வெளியே செல்லவில்லை. எதிரிக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைச் சொந்த மக்களிடமிருந்து மறைத்ததால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஏறத்தாழ ஐந்து இலட்சம் டன் இடிபாட்டை அகற்றி டாக்குகளை மீண்டும் இயங்கச் செய்ய 8,000 பேர் ஏழு மாதங்கள் உழைத்தனர். தங்கக் கட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் ஒரு பார்சி முதியவரின் வீட்டுக்குள் விழுந்து, அவராலேயே ஒப்படைக்கப்பட்டது. 1970களில் தூர்வாரும்போதும் சில கிடைத்தன. ஏறத்தாழ முழுத் தங்கமும் கணக்கில் வந்துவிட்டது.

விசாரணை

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் லியோனார்டு ஸ்டோன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பஞ்சு தற்செயலாகத் தீப்பற்றியது, பெரும்பாலும் சரக்கறையில் எவரோ புகைத்துப் போட்ட சிகரெட்டால், என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. எதிரியின் நாசவேலை என்ற வதந்திக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வெடிபொருள் கப்பலை டாக்குக்குள் கொண்டுவரச் செய்த போர்க்கால நெருக்கடியையும், வெடிபொருளோடு ஒரே சரக்கறையில் பஞ்சை அடுக்கியதையும், தீ கண்டபின் செயற்பட்டதில் நேர்ந்த குறைகளையும் குழு காரணங்களாக எடுத்துக்காட்டியது. அரசு பொறுப்பேற்று, உரிமை கோரியவர்களுக்கு இழப்பீடு வழங்கியது.

இந்த முடிவில் சிகரெட்டுக்கு மக்கள் நினைவில் கிடைத்த இடம் மிகுதி என்பது என் கருத்து. எந்த டாக்கிலும் தினந்தோறும் யாராவது ஒருவர் விதியை மீறிப் புகைப்பார். அது முன்கூட்டி எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. பஞ்சுப் பொதி கனன்றால் அதற்கு மேலே இருப்பது அரிசி மூட்டையா ‘ஏ’ வகை வெடிபொருளா என்பதைச் சிகரெட் தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானித்தது கராச்சியின் வெற்றிடம். வெடிபொருளை முதலில் இறக்காமல் மீன் உரத்தை இறக்க வைத்தது படகுகளின் தாமதம். தீயின் தன்மையை மறைத்தது ஏற்றாத கொடியும் வட்டு இல்லாத தொலைபேசியும். மூழ்கடிப்பதா, இழுப்பதா என்ற இரண்டு மணி நேர வாதத்தை உண்டாக்கியது, ஒரு கப்பலை ஐந்து அதிகாரங்களுக்கிடையே பங்கிட்ட போர்க்கால நிர்வாக முறை. இவற்றுள் எதுவும் அன்று புதிதாகத் தோன்றியதன்று. ஃபோர்ட் ஸ்டிக்கீன் நீரில் இறங்கிய நாள் முதல், ஒவ்வொரு துறைமுகத்திலும், அதைப் போன்ற நூற்றுக்கணக்கான கப்பல்களோடு சேர்ந்து, இதே முறையில்தான் வேலை செய்தது. பெரும்பாலான பயணங்களில் எதுவும் நிகழவில்லை என்பதால் அந்த முறையைத் திருத்த எவரும் முனையவில்லை.